எட்டு எழுத்துக்குக் குறையாமல்

ஜுபைலில், கடலிலிருந்து உப்பை எடுக்கும் ஆலையில்
என் வேலை நேரெதிர்:
உப்புப் போடுவது.

கேட் ரூம் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும்
அட்டெண்டன்ஸ் புரோகிராம், வயது பத்து.
எழுதியவன் கனடா போய்விட்டான்.
போகும்போது, வாசலில் செருப்பை விட்டதுபோல,
புரோகிராமின் பக்கத்திலேயே ஒரு கோப்பை விட்டிருந்தான்.
நோட்பேடில் திறந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
முந்நூற்றுப் பன்னிரண்டு கடவுச்சொற்கள்,
மேலே ஒரு துண்டுகூட இல்லாமல்.

மூட வேண்டும் என்று தெரியும்.
உருட்டிக்கொண்டே போனேன்.

கிரேன் ஓட்டும் லியாகத்துக்கு மகள் பெயரும் வருஷமும்.
சாரம் கட்டும் மேஸ்திரிக்கு ஒரு பெண் பெயர்,
மனைவியுடையது இல்லை;
ஊகிக்க எனக்கு உரிமையில்லை, ஊகித்தேன்.
வேறு வேறு கேம்ப், முகம்கூடப் பார்த்திராத இரண்டு பேர்
'ஊருக்குபோகணும்1' என்று
எழுத்துப் பிசகாமல் ஒன்றையே வைத்திருந்தார்கள்.

வெல்டர் இருதயராஜுக்கு வெறும் எண். 480000.
மாதம் ஒருமுறை மாற்றச் சொல்லும் விதி அது.
பழைய பேக்கப்புகளில் தேடினேன்.
அடுத்த மாதம் 455000. அதற்கடுத்தது 431500.
ஒரு மாதம் மட்டும் ஏறியிருந்தது, 520000.
அவன் எமர்ஜென்சி லீவில் போன மாதம்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும்.
மறுநாள் கேண்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தான்,
கேட்காமலே என் தட்டில் சாம்பார் ஊற்றினான்.
எனக்கு அவன் கடன் பைசா சுத்தமாகத் தெரியும்.
அவனுக்கு என் பெயர் சரியாகத் தெரியாது.
பாதியில் எழுந்துவிட்டேன்.

மூன்று ராத்திரி எழுதினேன்.
ஆளுக்கொரு உப்பு, ஒருவனுடையது மற்றவனுக்கு ஆகாது.
சொல்லோடு கலந்து
ஆயிரம் பல்லாயிரம் தடவை அரைக்கச் சொன்னேன்,
மாவு மறுபடி அரிசியாக வழியில்லாதபடி.
இப்போது மகளும் கடனும் ஒரே நீளம்.
அந்த இரண்டு பேரின் ஒரே ஏக்கம்
சம்பந்தமில்லாத இரண்டு கிறுக்கல்.
கூடவே ஒரு விதி: எட்டு எழுத்துக்குக் குறையாமல்.

டேட்டாபேஸின் சாவியை மட்டும் அரைக்க முடியாது,
அது முழுசாகத் திரும்பி வர வேண்டும்.
பூட்டி வைத்தால் பூட்டின் சாவி எங்கே?
அந்தச் சாவிக்குச் சாவி?
கடைசியில் விண்டோஸ் கையில் கொடுத்தேன்,
பாஸ்போர்ட்டை ஆபீஸ் அலமாரியில் கொடுத்ததுபோல,
நம்பி அல்ல.

பழைய கோப்பை அழித்தேன், பேக்கப்பையும்.
அழித்த இடத்தில் குப்பையை எழுதி மறுபடி அழித்தேன்.
என் தலைக்குள் இருக்கும் பிரதிக்கு
அந்தக் கட்டளை வேலை செய்யவில்லை.

நோன்பு மாதம், நைட் ஷிப்ட்.
இருதயராஜ் கதவைத் தட்டினான்.
"சார், உங்க மெஷினு ஏத்துக்க மாட்டேங்கு."
"என்ன போட்டீங்க?"
கேட்டிருக்கக் கூடாது.
"சைபர்."

ஏ.சி. ஒருமுறை குலுங்கி ஓடியது.

"ஒத்த சைபர்தான் போட்டேன். எட்டு வேணும்னு சொல்லுது.
சரின்னு எட்டு சைபர் போட்டேன்.
அது பலவீனமா இருக்காம்."
திரையில் சிவப்பாக அந்த வரி. நான் எழுதியது.

கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றியது.
குலுக்கினால் படித்தது தெரிந்துவிடும்.
"எதுக்கு சைபர்?" என்றேன், ஒன்றும் அறியாதவன்போல.
"சும்மா சார்," என்றான்.
அவனுக்கும் மறைக்கத் தெரிந்திருந்தது.

வேற ஏதாவது போடுங்க என்று சொல்லிவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.
எடுத்த உப்பையெல்லாம் குழாய் வழியே
கடலுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.
முதுகுக்குப் பின்னால் ஒற்றை விரலில் தட்டும் சத்தம்.
எண்ணக் கூடாது என்று நினைத்தும்
பதினொன்றுவரை எண்ணிவிட்டேன்.
அதற்குமேலும் தட்டினான்.

அவன் போனபின் கோப்பைத் திறந்தேன்.
அவன் வரியில், எல்லோருக்கும் உள்ளதுபோல,
அறுபத்து நான்கு எழுத்து.
என்ன சொல் என்று எனக்குத் தெரியாது.

கேண்டீனுக்குப் போனேன்.
அவனுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது.