புறவழி

ஐந்து குட்டிகளில் அவன் கடைசி.
பழுத்த ஓட்ஸ் கதிரின் நிறம், அதனால் ஓட்ஸ்.
கூடப் பிறந்தவை இரண்டு கிலோவைத் தொட்ட வாரம்
அவன் ஒரு கிலோ நூறில் நின்றான்.
சமையலறைத் தராசு பொய் சொல்கிறதென்று
மாவுப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தேன்.
தராசு சரியாகத்தான் இருந்தது.

மாட்டுக்கறி அரைத்துப் போட்ட செவ்வாய்க்கிழமை,
தின்று ஒரு மணி நேரம் கழித்து,
துணி துவைக்கும் எந்திரத்தில்
தலையை முட்டுக்கொடுத்து நின்றான்.
கூப்பிட்டேன், காது அசையவில்லை.
வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது.
அப்புறம் இடப்பக்கமாகவே சுற்றினான்,
அங்கே யாரோ முளையடித்துக் கட்டியதுபோல.
"குடிச்சிருக்கான்" என்றான் என் மகன் டூகல்.
நானும் சிரித்தேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

தீவிலிருந்து இன்வர்னெஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரம்,
துண்டில் சுற்றி, மடியில், மழையில்.
வெறும் வயிற்றில் கொஞ்சம் ரத்தம்.
தின்னக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துக் கொஞ்சம்.
இரண்டாவது எண்ணைப் பார்த்ததும்
டாக்டர் இஷ்பெல் ரே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.
நல்ல சேதிக்கு யாரும் நாற்காலியை இழுப்பதில்லை.

ரசீதின் பின்புறம் வரைந்தாள்:
குடலிலிருந்து வரும் ரத்தம்
கல்லீரலுக்குள் போய்க் குளித்துவிட்டு வரவேண்டும்.
இவனுக்குப் பிறவியிலேயே ஒரு புறவழிச்சாலை.
ஊருக்குள் நுழையாமல்
அழுக்கோடு போகிறது ரத்தம், இதயத்துக்கு,
அங்கிருந்து மூளைக்கு.
கறி தின்றால் விஷம் கூடும்.
கல்லீரலோ வளரவே இல்லை.

அது எனக்கு விளங்கியது.
பாலம் திறந்த வருஷம்
கைலாக்கின் படகுத்துறையில் தேநீர்க்கடை வைத்திருந்தாள் என் அக்கா.
வண்டிகள் மேலே போயின, விர்ரென்று.
நின்று பை வாங்கித் தின்ன ஆளில்லை.
கடை சிறுத்தது, அக்காவும்.

"சாலையை அடைத்துவிடலாமே?"
"அடைக்கலாம். மெதுவாக.
ஒரே நாளில் அத்தனை வண்டியும் திரும்பினால்
சின்ன ஊர் தாங்காது."
வளையம் ஒன்று உண்டாம்.
உள்ளே பால்புரதம்.
உடம்பின் ஈரத்தில் வாரக்கணக்கில் ஊதி
தானாக நெரிக்குமாம்.

கதவருகே போனபின்தான் கேட்டேன், யாரிடமிருந்து வந்ததென்று.
ஒரு மரபணுவைக் கைகாட்ட முடியாது, பல சேர்ந்திருக்கலாம் என்றாள்.
பெற்றவை இரண்டும் கொழுகொழுவென்று இருக்கும் என்றாள்.
மார்சலியைத் தெரியுமா உங்களுக்கு?
மூன்று நீல ரிப்பன். நீர்நாயை மோப்பம் பிடித்து
கற்குவியலுக்குள் வால்வரை நுழைவாள்.
அவளுக்கு இனி குட்டி வேண்டாம்.

இரவு பேரேட்டை எடுத்தேன். இருபத்தாறு வருஷம்.
என் கையெழுத்தில்,
மார்சலியின் தாய் போட்ட ஈற்றில்: "சின்னது. தேறவில்லை."
பாட்டி ஈற்றிலும் ஒன்று: "மந்தம். வட்டமடிக்கிறது. போய்விட்டது."
எழுதியவள் நான். எழுதி,
தேதி போட்டு, பக்கத்தைத் திருப்பியவளும்.

மறுநாள் தொலைபேசி.
டண்டீயில் முன்ரோ தம்பதி: "எங்களுடையது நாள் முழுக்கத் துள்ளுதே."
துள்ளட்டும். ரத்தம் மட்டும் பாருங்கள், காசு நான் தருகிறேன்.
ஓபனில் ஒருத்தி அழுதாள், அவள் குட்டிக்கு ஒன்றும் இல்லாமலே.
ஆண்நாயின் சொந்தக்காரர் லாக்லன்
"என் ரத்தத்தில் குறையில்லை" என்று வைத்துவிட்டார்.
என் ரத்தம் என்றார், நாயைச் சொல்லவில்லை.
நான்காவது வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எடின்பரோவில் வயிற்றைத் திறந்து வளையம் மாட்டினார்கள்.
ஆறு வாரமாகிறது.
அளந்து வைத்த புரதம், இனிப்பு மருந்து, நாளுக்கு ஐந்து சிறு வேளை.
நேற்று டூகலின் காலுறையைத் திருடிக்கொண்டு ஓடினான்,
நேராக.
வளையம் முழுக்க மூடியதா என்பது அடுத்த மாதம் தெரியும்.

இந்த வாரம் மார்சலி பருவத்துக்கு வந்திருக்கிறாள்.
வேலிக்கு அந்தப் பக்கம் பண்ணைநாய் ஒன்று காத்திருக்கிறது, மழையில்.
படலின் கொக்கியைப் போட்டுவிட்டு வந்தேன்.
பாதி வழியில் திரும்பிப் போய்
இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.