குறிப்புத் தாளில் இல்லாதது

மார்பில் ஐந்து ஒட்டுகள், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி.
குளிக்கக் கூடாது, கழற்றக் கூடாது,
என்ன செய்தாலும் நேரம் போட்டு இந்தத் தாளில் எழுதுங்கள்
என்று சொல்லி அனுப்பினேன் வால்தெமார் எத்செகோயெனை.
அறுபத்தொரு வயது. துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவர்.
இரண்டு ஸ்டென்ட்.
தேதியை நான் பார்க்கவில்லை.
மொந்தேவிதியோவுக்கு அன்று அரையிறுதி.

மறுநாள் தாளை நீட்டினார். நீல மை, பள்ளிக்கூட எழுத்து:
நான்கு மணி, மாத்தே குடித்தேன்.
ஐந்து, நாய்க்குச் சாப்பாடு.
ஆறிலிருந்து ஒன்பது, நடை.
"டாக்டர் சொன்னபடி ஆட்டம் பார்க்கவில்லை"
என்றார், நான் கேட்காமலே.

கேட்காமல் வரும் பதிலை நம்புகிற வேலையில்லை இது.
ஒட்டுகளை உரித்தேன்; சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.
திரையில் ஓடியது அவருடைய நேற்று.

ஏழு இருபத்தொன்று.
எனக்குத் தெரியும் அந்த நிமிடம்.
நாம் சமன் செய்த கோல்.
நாத்தனார் வீட்டு சோபாவில் ஒரு கண்ணாடிக் கோப்பையை உடைத்தேன் நான்.
இவர் இதயமும் அங்கே தடுக்கி விழுந்திருக்கிறது.
பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
ஆனால்
ஒரு தடுமாற்றம், ஏழு விநாடி கழித்து இன்னொன்று,
பதினெட்டு விநாடி கழித்து மூன்றாவது.
ஒரே கோலுக்கு மூன்று முறையா?

பின்னால் போனேன். ஆறு முப்பத்தொன்று,
எதிரணி நம் வலையைக் கிழித்த நேரம்.
இந்த ஊரில் எந்த நாடியும் ஒழுங்காக இருந்திருக்க முடியாது.
இவருடையது தொண்ணூற்றிரண்டு. ஏரி மாதிரி கிடக்கிறது.

"எங்கே இருந்தீர்கள்?"

கிராசியேலா ரிமோட்டைக் கைப்பையில் போட்டுப் பூட்டி
வாசலுக்கு வெளியே விட்டுவிட்டாளாம்.
ஜூலைக் காற்று. லா தேஹாவில் ஆள் கிடையாது,
பேருந்துகூட விளக்கை எரியவிட்டுக்கொண்டு சும்மா நின்றதாம்.
முதலில் ரேடியோ வைத்த மாடி கத்தும்,
பிறகு கேபிள் வீடு,
கடைசியில் இணையத்தில் பார்க்கும் பையன்கள்.
ஒவ்வொன்றையும் புதுக் கோல் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறது
உள்ளே இருந்த அந்த முட்டாள்.

எதிரணிக் கோல் அவருக்குத் தெரியவே தெரியாது.
அதற்கு யார் கத்துவார்கள்?
மூன்றுக்குச் சைபர், ஜெயிக்கிறோம் என்று
எட்டு மணி வரை நிம்மதியாக நடந்திருக்கிறார்.
பிறகுதான், வெடி ஏன் வெடிக்கவில்லை,
கொடி ஏன் இறங்கி வரவில்லை?

பெனால்ட்டி என்று புரிந்தது தெருவின் மூச்சை வைத்து.
ஒரு கூச்சல், இடைவெளி, ஒரு கூச்சல்.
பூட்டிய ரொட்டிக்கடைச் சுவரில் கையை ஊன்றி நின்றிருக்கிறார்.
எட்டு நாற்பத்தொன்றுக்கு எல்லாம் முடிந்தது, எங்களுக்கு.
தோல்விக்குச் சத்தம் கிடையாது.
அவர் சத்தத்துக்குக் காத்திருந்தார்.
நூற்றைம்பத்தொன்று. நூற்றைம்பத்தொன்று.
பதினொரு நிமிடம் அந்தக் கோடு இறங்கவே இல்லை.
கோல் எதுவும் அவ்வளவு உயரம் ஏறவில்லை.

ஒரு பெண் குப்பைப் பையோடு வெளியே வந்திருக்கிறாள்,
கால்களில் வேறு வேறு செருப்பு.
இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.
எட்டு ஐம்பத்திரண்டிலிருந்து கோடு
படி படியாக, கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போல்,
எண்பத்தெட்டுக்கு வந்துவிடுகிறது.

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு: ஆலோசனை.
'ஆட்டம் பார்ப்பதைத் தவிர்க்கவும்' என்று அச்சடித்தே வைத்திருக்கிறோம்.
பேனாவை மேலே வைத்தேன். எடுத்தேன்.

"ஒன்று கேட்கலாமா?" பொத்தானைத் தவறான துளையில் போட்டபடி.
"பத்திரிகையையும் ஒளித்துவிட்டாள்.
கடைசி உதை... தவறவிட்டது யார்?"

மார்பில் ஐந்து சிவப்பு வட்டங்கள்தான் இப்போது, கம்பி ஒன்றும் இல்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லி,
பெயரைச் சொன்னேன்.