பொருத்தம்

இந்த ஊரில் கடல் இல்லை.
ஆறு இருக்கிறது, அதில் தண்ணீர் இல்லை.
சத்துவாச்சாரி போர் தண்ணீர்
பக்கெட்டில் வெள்ளை வளையம் போடும்,
சோப்புக்கே நுரை வராது.
ஆகவே ஆர்.ஓ. நீரைக் கேன் கேனாய் மாடிக்கு ஏற்றி
நாலடிக் கண்ணாடிக்குள்
எட்டரைக் கிலோ உப்பைக் கரைத்தேன்.

ஆறு வாரம் வெறும் கல், மணல், தண்ணீர்.
"மீன் எங்கப்பா?"
வீட்டுக்காரர் பரசுராம நாயுடு.
"கண்ணுக்குத் தெரியாதது முதல்ல குடிவரணும் சார்."
கரண்ட் பில் என்று ஏதோ முனகிக்கொண்டே
படி இறங்கினார்.

பத்துப் பொருத்தம் பார்த்த வீடே
மூன்றாம் மாதம் பாத்திரம் பறக்கிறது.
மீனுக்கு எத்தனை பொருத்தம்?
தோட்டப்பாளையம் நியாமத் பாய்
பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்:
கோமாளி ஜோடி, சரி.
மணலைக் கிளறும் கோபி ஒண்ணு, தன் வழியா போகும்.
துப்புரவுக்கு இறால்.
அந்த நீலப் பொடியன் மட்டும் வேணாம்.

வாங்கினேன்.
நிறம் அப்படி.

கட்டைவிரல் அளவு உடம்பு,
நாலடிக் கடலும் தனக்கே பட்டா என்றது.
கோமாளியின் வால் கந்தலானது.
ஒரு விடியலில் கோபி
மேசைக்கடியில், துடைப்பத்தில் ஒட்டிய
கருவாடாகக் கிடந்தது.
அவனைப் பிடிக்க ஒவ்வொரு கல்லாக எடுத்தேன்.
இரண்டு மணி நேரம், ஒரு மலையையே பெயர்த்து.
பாய் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்,
"சொன்னேன்ல" என்று சொல்லாமல்.

பகலில் எனக்கு டயாலிசிஸ் யூனிட்டில் வேலை.
அங்கும் ஆர்.ஓ. நீர், அளந்த உப்பு,
கழிவு வெளியேற ஒரு வழி.
ஒன்பதாம் கட்டிலில்
மால்டாவிலிருந்து வந்த ஷெஃபாலி மண்டல்.
கணவர் நிதாய்
லாட்ஜ் அறையில் ஸ்டவ் பற்றவைத்து
உப்பில்லாமல் பருப்பு வேகவைக்கிறவர்.
தன் கிட்னியைத் தருகிறேன் என்று
எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் பார்க்க வந்தார்.
முதல் கேள்வி: "இதைத் தின்பீர்களா?"
பிறகு ஒரு மணி நேரம் பேசவில்லை.
உடைந்த ஹிந்தியில் அப்புறம் கேட்டார்,
தினமும் உப்பு போடுவீர்களா?
இல்லை. ஆவியாகிப் போவது நீர் மட்டும்,
உப்பு இங்கேயே தங்கிவிடும்,
போன அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும்.
தன் மொழியில் ஏதோ சொன்னார்.
எனக்குப் புரியவில்லை.
கேட்டுக்கொண்டதும் இல்லை.

அக்னி நட்சத்திரத்தில்
இரவு ஒன்றரைக்குக் கரண்ட் போனது.
தண்ணீர் முப்பத்தொன்றைத் தொட்டது.
உறைந்த பாட்டில்களை மிதக்கவிட்டு
பேட்டரி மோட்டாரின் குமிழிகளைப் பார்த்தபடி
விடியும்வரை விசிறினேன்.
கோமாளிகள் இரண்டும்
ஒரே பாட்டிலின் அடியில் ஒதுங்கியிருந்தன.
இறால் மட்டும்
எந்த அவசரமும் இல்லாமல் மீசையைக் கழுவியது.

மறுநாள் கிராஸ் மேட்ச் முடிவு வந்தது.
பாசிடிவ்.
நிதாய் சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.
பாசிடிவ் என்றால் பொருந்தவில்லை என்று
இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.
இரண்டாவது முறை, ஹிந்தியில்,
எனக்குத் தெரிந்த சொற்கள் போதவில்லை.

சமையலறைத் தொட்டியில் புதிய கோபி,
தனிமையில் இருபத்துமூன்றாம் நாள்.
வெண்புள்ளி இல்லை. மூச்சு சீர்.
முப்பது முடியாமல் பெரிய தொட்டிக்கு விடமாட்டேன்.
இன்று ஒரு துணுக்கு இறாலை வாயில் வாங்கியது,
துப்பியது,
மறுபடி வாங்கியது.

இரண்டு லிட்டர் குறைந்திருக்கிறது.
ஊற்றுகிறேன்.
நாளை செவ்வாய்,
ஷெஃபாலிக்குக் காலை ஏழு மணி ஷிஃப்ட்.