பார்வையாளர் 0001

மரோலில் ஏழாவது மாடி, லிஃப்ட் திறந்தால் நான்.
பதினோரு வருடமாக அப்படித்தான்.
இன்று லிஃப்ட் திறந்தால் அது:
நெஞ்சுயரத் தண்டு, தலைக்குப் பதில் ஒரு திரை,
ஓரத்தில் இன்னும் உரிக்காத பிளாஸ்டிக் தாள்.

"வேலை போகவில்லை எஸ்தர், மாறுகிறது,
அவ்வளவுதான்" என்கிறார் துஷார் சாவந்த்.
மாறியது என்னவென்று மின்னஞ்சல் வந்தது.
ஏசி சர்வீஸ், டீ பில், டாக்சி பில்,
நாற்காலிகளின் எண்ணிக்கை,
பிறந்தநாள் கேக், முட்டையில்லாதது தனியாக,
புதிதாய்ச் சேர்வோரின் கோப்புகள்,
பிறகு தினமும் காலையில்
இந்தத் திரையைத் துடைப்பது.
சம்பளத்தைப் பற்றிய வரி
எங்கேயோ விடுபட்டிருந்தது.

அதற்குத் தெரிந்தவை நான்கு பொத்தான்கள்:
கூட்டம், நேர்காணல், டெலிவரி, மற்றவை.
என் பழைய பதிவேட்டில், 'காரணம்' என்ற கட்டத்தில்,
ஒருத்தி ஒருமுறை "கணவர்" என்று மட்டும் எழுதினாள்.
கையெழுத்து கோட்டைத் தாண்டியிருந்தது.
நான் யாருக்கும் போன் போடவில்லை.
கணக்குப் பிரிவுவரை நடந்துபோய்
அவனைப் பின்படிக்கட்டுக்கு வரச்சொன்னேன்.
மற்றவை என்றால் அதுதான்.

போன வாரம் நிலோஃபர் என்று ஒரு பெண்,
குதிகாலில் பிளாஸ்திரி, நேர்காணலுக்கு.
வரவேற்பு, நிர்வாகம், மனிதவளம்,
மூன்றும் சேர்த்து ஒரே ஆள்.
எந்தக் கிளைக்கென்று அவளிடம் சொல்லவில்லை,
என்னிடமும்.
"இங்கே எப்படி தீதி?" என்றாள்.
தண்ணீர் கொடுத்தேன்.
"உள்ளே ஏசிக்கு நேராக உட்காராதே, குரல் நடுங்கும்."

மாலை சோதனை ஓட்டம்.
முதல் ஆள் நீங்களே ஆகட்டும் என்றான்
பொருத்த வந்த பையன்.
போய் நின்றேன்.
முகம் தெளிவாக இல்லை என்றது.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன்.
பெயர்: எஸ்தர் ரூபாவதி.
யாரைப் பார்க்க?
காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லை.
எழுத்தெழுத்தாக என் பெயரையே தட்டினேன்.

ஸ்டிக்கர் சூடாக வெளியே வந்தது.
அந்தப் பக்கம் மேசைமேல் என் போன் அதிர்ந்தது:
எஸ்தர் ரூபாவதி உங்களைப் பார்க்க வந்திருக்கிறார்.
அனுமதி. மறுப்பு. காத்திருக்கச் சொல்.

பையன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.
காட்கோபர் மெட்ரோவுக்கு நேரமாகிவிட்டது.
இருந்தும் சோபாவில் போய் உட்கார்ந்தேன்,
பதினோரு வருடத்தில் முதல்முறையாக.
இவ்வளவு தாழ்வானதென்று யாருமே சொன்னதில்லை.
இங்கிருந்து பார்த்தவர்களுக்கெல்லாம்
மேசைக்குப் பின்னால்
என் நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும்.