நெத்தலி முடிந்த இரவு

சுருட்டு என்று பெயர் வைத்தது வாலைப் பார்த்தல்ல.
டச்சுக்குடாக் கரையில், கவிழ்த்த வள்ளத்தின் கீழே
நனைந்து கிடந்த அந்தக் குட்டி
யாரோ பாதியில் அணைத்துப் போட்ட சுருட்டு மாதிரித்தான் இருந்தது.

முதல் மாதம் நான் படிப்பித்தது ஒரு சொல்: இரு.
அவன் படித்தது வேறு.
அலுமாரியின் இரண்டாம் தட்டில் நெத்தலிப் போத்தல்,
மூடி திருகும் சத்தம்,
"இரு" வருமுன்னே என் வலக்கை பைக்குள் போவது.
ஒருநாள் கையைப் பைக்குள் விட்டபடி
"எழும்பு" என்றேன்.
பணிவாக இருந்தான்.

எங்கள் ஊர் மான்கள் காட்டுக்குப் போவதில்லை.
பஸ் நிலையத்தருகே வாழைப்பழத் தோல் தின்னும்,
மைதான மதிலோரம் படுத்து அசைபோடும்,
ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்காமல் காத்து நிற்பார்கள்.
இந்த மரியாதையை
ஒரு நாய்க்கு எந்தப் பாசையில் சொல்வது?
அவன் குரைத்தான்.
சத்தம் போடாதே என்று நான் கத்தினேன்.
இன்னும் குரைத்தான். இன்னும் கத்தினேன்.
ஊசி போடப் போன இடத்தில்
மிருக வைத்தியர் பஸீனா சிரித்தார்:
"நீங்களும் சேர்ந்து குரைக்கிறியள் எண்டு நினைக்கிறான்.
துணை கிடைச்ச புளுகம் அவனுக்கு."

அதன்பின் வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.
நாற்பது அடி தள்ளி மான். பேசாமல் நின்றால் ஒரு நெத்தலி.
முப்பது அடி. ஒரு நெத்தலி.
இருபதில் கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது.
கலைமான் ஓடவில்லை.
தலையைத் தாழ்த்தி, கொம்பால் ஒரு கேள்வி கேட்டது.
சுருட்டுக்கு உடனே புல்லை மணக்கவேண்டிய வேலை வந்துவிட்டது.
பிறகு பெரிதாக ஒரு கொட்டாவி.
நித்திரைக் கொட்டாவி இல்லை அது.
"நான் சும்மா இந்தப் பக்கம் வந்தனான்" என்பதை
நாய்கள் அப்படித்தான் சொல்லும்.

ஹெல்மெட்டுக்கு மட்டும் கொட்டாவி இல்லை.
ஹெல்மெட் போட்ட எவரைக் கண்டாலும் மயிர் சிலிர்க்கும்,
தொண்டைக்குள் மோட்டார் ஓடும்.
தபால்காரரை, பாண்காரரை,
பாலையூற்றிலிருந்து மீன் கொண்டுவரும் யூஜினை.
"ஹெல்மெட்காரர் ஆரும் அடிச்சவையோ?" என்றார் பஸீனா.
இல்லை என்றேன்.
ஒருத்தரும் அவனை அடித்ததில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன்.
வியாழக்கிழமைகளில், பத்து மணிக்கு,
குழுக்கடன் வசூலிக்க ஒரு பெடியன் வருவான்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே புத்தகத்தை நீட்டுவான்.
காசு குறைந்த கிழமைகளில்
நான் சுருட்டின் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு
கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றிருக்கிறேன்.
பட்டி வழியாகப் போயிருக்கிறது எல்லாம்.
நான் சொல்லிக்கொடுக்காமலே
அவன் பிழையில்லாமல் படித்த ஒரே பாடம்.

கடைசித் தவணை ஐப்பசியில் முடிந்தது.
புத்தகத்தைக் கிழித்து அடுப்பில் வைத்தேன்.
கை அதை இன்னும் நம்பவில்லை.
மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால்
கயிறு இரண்டு சுற்று என் மணிக்கட்டில் தானாக ஏறும்.
இப்போது பயிற்சி எனக்கு:
தோளை இறக்கு. விரலைத் தளர்த்து.
கயிறு ஊஞ்சல் மாதிரித் தொங்கட்டும்.
யூஜினிடம் கெஞ்சி, ஹெல்மெட்டோடு
படலையடியில் நிற்கச் சொன்னேன், ஒன்பது பின்னேரங்கள்.
"என்ர மீனெல்லாம் நாறப்போகுது பிள்ளை" என்றபடி நின்றார்.
ஆறாம் நாள் சுருட்டு உறுமிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.
ஒன்பதாம் நாள் உறுமவில்லை, பார்த்தான்.
பத்தாம் நாள் யாரோ புதியவர் வந்தார்,
எல்லாம் பழையபடி.

நேற்றிரவு கரண்ட் இல்லை.
படலைக்கு வெளியே, நிலவில், அந்தக் கலைமான்
எங்கள் செவ்வரத்தையை ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது.
சுருட்டு எழுந்தான். காது முன்னே போனது.
நான் வாய் திறக்கவில்லை. கயிறும் கட்டவில்லை.
மானைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
மானை. என்னை.
பிறகு மெதுவாகப் பின்பக்கத்தை நிலத்தில் வைத்தான்.

நான் ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன்.
போத்தலில் தூள்கூட இல்லை.
வெறுங்கையைத்தான் நீட்டினேன்.
விரல் விரலாக, உப்புப் போகும்வரை நக்கினான்,
செவ்வரத்தையில் பாதி முடியும்வரை.