எளாவூர் வரை ஒரு பாட்டு

டிசம்பர் முப்பத்தொன்று, காலை ஷிஃப்ட்.
குறைபாட்டுப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
இந்த வருஷத்துப் பத்துப் பாட்டுகளை எழுதுகிறேன்.
பத்து வராது. பார்ப்போம்.

ஒன்பதாவதிலிருந்து தொடங்குகிறேன்,
அதில் மட்டும்தான் சந்தேகமே இல்லை:
அந்தக் குடைப் பாட்டு.
மெட்டு மட்டம். வரி அதைவிட மட்டம்.
ஆனாலும் ஜூலை முழுக்க
கம்பெனி பஸ்ஸில் என் இடதுகால்
என்னைக் கேட்காமல் தாளம் போட்டது.
காலுக்கும் ஒரு ஓட்டு உண்டு.

மூன்றாவதாக இருந்தது ஆறுக்கு இறங்கிவிட்டது,
தம்பி அதை ரிங்டோனாக வைத்தபின்.
ஐந்தும் நான்கும் ஒரே பாடகி.
பெயர் தெரியாது.
ளகரம் வரும்போது மட்டும்
அவள் தொண்டையில் கொஞ்சம் மணல்.

கும்மிடிப்பூண்டியில் ஐந்து பத்துக்கு ஏறினால்
முனிரத்தினம் அண்ணன் எஃப்.எம். போடுவார்.
எளாவூர் செக்போஸ்ட்டில் சத்தத்தைக் குறைப்பார்;
யாரும் குறைக்கச் சொன்னதில்லை, அது ஒரு மரியாதை.
ஆரம்பாக்கம் தாண்டும்போது சென்னை இரைய ஆரம்பிக்கும்.
கொஞ்ச தூரம் யாருடையதும் இல்லாத கொரகொரப்பு.
பிறகு தடாவில் தெலுங்கு,
எப்போதும் ஏதோ ஒரு பாட்டின் நடுவிலிருந்து.

இப்படித்தான் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பாட்டுக்கெல்லாம்
இரண்டாம் சரணம் கிடையாது.
தெலுங்குப் பாட்டுக்கெல்லாம் பல்லவி கிடையாது.
போனில் தேடலாம்.
தேடலாம்தான்.

லைனில் என் வேலை ஸ்பீக்கர் சோதனை.
புதுப் போனைக் காதருகே வைத்தால் ஒரே ஒரு பீப்.
தெளிவாக இருந்தால் பச்சை ட்ரே, கரகரத்தால் சிவப்பு.
ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து நூறு பீப்.
இந்த வருஷம் நான் அதிகம் கேட்டது அதைத்தான்.
பட்டியலில் சேர்க்கமாட்டேன்,
சேர்த்தால் முதலிடம் கேட்கும்.
எங்கள் சொந்தப் போன்கள்
மாலை வரை லாக்கரில் ஊமையாகக் கிடக்கும்.

ஹைமாவதி சத்தியவேட்டிலிருந்து வருகிறாள்.
கேன்டீன் வரிசையில்
முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு
தட்டில் கரண்டியால் தட்டி
எனக்குக் கிடைக்காத பல்லவிகளைப் பாடுவாள்.
பதிலுக்கு என்னுடையவற்றை வாங்கிக்கொள்வாள்.
ழகரம் வரும் இடத்தில் ஒரு நொடி நின்று,
வேண்டுமென்றே லகரம் போட்டுத் தாண்டிப் போவாள்.

இரண்டாம் இடம் அவள் பாடியதற்கு.
அதே பாட்டு ரேடியோவில் வந்தபோது
சுமாராகத்தான் இருந்தது.

முதலிடம்.
அக்டோபரில் ஒரு மழைநாள்,
பழவேற்காட்டுப் பக்கம் மின்னல்.
ஓர் ஆண்குரல், பின்னால்
பொறுமையான ஒற்றை கீபோர்டு.
"நுவ்வு சா..." என்று அவன் இழுக்கும்போது
ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு முந்தியது.

ஹைமாவதி சொன்னாள்:
சாலு என்றால் போதும்.
சாலா என்றால் ரொம்ப.
நீ போதும் என்கிறானா,
நீ ரொம்ப என்று தொடங்கி
எதையோ திட்டப் போகிறானா,
இடையில் ஒரு லாரி நிற்கிறது.

முனகிக் காட்டினேன், அவளுக்கும் தெரியவில்லை.
"இது எங்க பாட்டு மாதிரி இல்ல,
உங்க பாட்டு மாதிரி இருக்கு" என்றாள்.
அப்புறம் இரண்டு முறை வந்தது.
ஒருமுறை அதே இடத்தில் அலை அறுந்தது.
இன்னொரு முறை நான் தூங்கிவிட்டேன்.
பக்கத்து சீட்டு பியூலா சொல்லித்தான் தெரியும்:
தூக்கத்தில் நான் சிரித்தேனாம்.

பட்டியலில் எட்டும் ஏழும் இன்னும் காலி.
மூன்றும் காலி, அது இறங்கிப் போனதிலிருந்து.
பத்துக்கு யாரையாவது போடலாமா என்று யோசிப்பதற்குள்
மணி அடித்துவிட்டது.
க்யூ.சி. ஆள் பதிவேட்டை வாங்கினார்,
பக்கத்தைப் பார்க்காமலே
"சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை குத்தினார்.
ஊதா மை
சரியாக முதல் வரியின்மேல்,
சாவுக்கு அடுத்த எழுத்து இருக்கவேண்டிய இடத்தில்.