முழங்கை மடிப்பில் ஒரு துளி

ஓட்டல் குளத்துக்கு முந்நூறு ரூபாய்.
நீலமாய்த்தான் இருந்தது.
பத்தே நிமிடம்.
அன்றிரவு விடியும்வரை ரிஸ்மியாவின் நெஞ்சுக்குள்
யாரோ பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு தண்ணீர் பார்க்கக் கிளம்பினேன்,
மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி.
கையில் மூடி போட்ட ஜாம் பாட்டில்,
பையில் கோடு போட்ட நோட்டு.

ஊருணிப் படித்துறையில் சோப்பு நுரை
வாத்துக்கூட்டம்போல் ஒதுங்கி நின்றது.
வேண்டாம்.
தெற்கே இறால் பண்ணைக் குழாய்
தெரியும்வரை நடந்தேன், தெரிந்ததும் திரும்பினேன்.
மண்டபம் ஜெட்டியில் டீசல்
மயில்கழுத்து நிறத்தில் விரிந்து கிடந்தது.
அதை அழகு என்று சொல்ல
தோல் நன்றாக இருக்கவேண்டும்.

ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளாது
என்று சொல்லியே பழகிவிட்டேன்:
சோப்பு, சாம்பிராணி, புதுப் பெயிண்ட்,
அடுத்த வீட்டுக் கொசுவர்த்தி, கல்யாண வீட்டு அத்தர்.
பெரியபட்டினத்தில்,
மூன்று தெரு தள்ளிக் கடல் இருக்கும் வீட்டில்,
ஏழு வயதுவரை அவள் கால் நனைத்ததில்லை.

பாசி எடுக்கப் போகும் பஞ்சவர்ணம்
என் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தாள்.
"அடைச்ச தண்ணிகிட்ட என்ன கேக்குற?
காத்தைக் கேளு.
சோளகம் வீசுறப்ப நம்ம கடல் ஆம்பளை, கிட்டப் போகாத.
வடகடல் படுத்துக் கிடக்கும்.
சொறி வந்திருக்கான்னு மட்டும் பாத்துக்க."

சொறி.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு நகம் உண்டு,
ரத்தம் ஒட்டிய தலையணை உறை உண்டு.
கடலிலும் ஒரு சொறி உண்டு,
கண்ணாடிக் குடைபோல் மிதக்கும் என்றபோது
"அதுக்கும் அரிக்குமா?" என்றாள் ரிஸ்மியா.

ஆனி மாதம். உச்சிப்புளிவரை பஸ், அப்புறம் ஆட்டோ.
நீச்சல் தெரியாத நான் முதலில் இறங்கினேன்.
எத்தனை தூரம் போயும் முட்டியளவே தண்ணீர்.
அடியில் கடற்புல் ஒவ்வொன்றாய்த் தெரிந்தது.
குடை எதுவும் இல்லை.
திரும்பி வந்து
அவள் முழங்கை மடிப்பில் ஒரு துளி வைத்தேன்.
நூறுவரை எண்ணவேண்டும். அது எங்கள் வழக்கம்.

நாற்பதில் அவள் குனிந்து
சுண்டுவிரலைக் கடலுக்குள் வைத்தாள்.
"என்னடி?"
"நான் அதுக்கு ஒத்துக்குவேனான்னு பாக்குறேன்.
அதுக்கும் சேத்து எண்ணு உம்மா."

இரண்டு கணக்கு எனக்கு வரவில்லை.
எழுபதா எண்பதா என்று நின்றபோது
அவள் கழுத்துவரை உட்கார்ந்திருந்தாள்.
பல்லெல்லாம் தெரிந்தது.

கேன் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்,
ஒற்றித் துடைத்தேன், எண்ணெய் தடவினேன்.
சாயங்காலம் இடது முட்டிக்குப் பின்னால்
கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு.
மூச்சில் ஒன்றும் இல்லை.
தேதி, காற்று, சிவப்பு, அதன் அகலம்
எல்லாம் நோட்டில் எழுதினேன்.

பேனாவைப் பிடுங்கி
அவள் கீழே எழுதினாள்:
கடலுக்கு ஒன்னும் ஆகல.